கூடைக்குள் ஐந்து பேர்

அத்தியாயம் 7

குச்சிக்கு உயரம் என்றால் பயம். ஆறடி மூன்று அங்குலம் வளர்ந்துவிட்டதால் தன் சொந்த உயரமே அவனுக்குக் கொஞ்சம் அதிகம்தான். பரணிலிருந்து பெட்டி எடுக்கச் சொன்னால் ஸ்டூலில் ஏறாமல் தரையில் நின்றபடியே எடுத்துக் கொடுப்பான். அந்த ஒரு வசதிக்காகத்தான் கடவுள் தனக்கு இத்தனை நீளம் கொடுத்தார் என்பது அவன் கட்சி.

அப்பேர்ப்பட்டவன், விடிந்தும் விடியாத நேரத்தில் ஈரப் புல்வெளியில் ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா சகிதம் நின்று, பிரம்பால் முடைந்த ஒரு கூடையைப் பார்த்து வெடவெடத்துக்கொண்டிருந்தான். பத்து நிமிஷத்தில் அதில் ஏறியாக வேண்டும். ஏறாமல் நழுவ வழியே இல்லை. காலை பத்து மணிக்கு விசாரணை. அதில் அவன் அக்காவின் லைசென்ஸ் போகும். சாயங்காலத்துக்குள் அக்காவே உள்ளே போவாள்.

அக்காதான் அந்தக் கூடையைத் தூக்கிச் செல்லும் வெப்பக்காற்று பலூனை ஓட்டுபவள். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் இதே பலூன் ஒரு வயலில் இறங்கியது. கூடையில் இருந்தது இரண்டே பேர்: ஓட்டிய அக்கா, பலூன் கம்பெனி முதலாளியின் மைத்துனர். பலூனைத் திரும்ப ஏற்றிப்போக ஜீப்பில் பின்னாலேயே வந்த முதலாளி ஓடிவந்து கூடையைப் பிடித்தார். அடுத்த நொடி பலூன் விருட்டென்று எழும்பியது. முதலாளியும் அதில் தொங்கிக்கொண்டே போனார். மூன்று மாடி உயரத்தில் பிடி விட்டது. அவ்வளவுதான் அவர் ஆயுசு. டிரைவர் அன்றைக்கு லீவு என்பதால் பார்த்த சாட்சி வேறு ஒருவருமில்லை.

பலூன் ஏன் எழும்பியது என்பதில்தான் வழக்கே. மைத்துனர் வெளியே குதித்துவிட்டார் என்றாள் அக்கா. உள்ளே சூடு அடங்குமுன் ஓர் ஆள் எடை குறைந்தால் பலூன் சும்மா இருக்காது, கிளம்பிவிடும். மைத்துனர் எழுதிக் கொடுத்த வாக்குமூலமோ வேறு கதை சொன்னது. அவருக்கு அதுதான் முதல் பயணமாம். எப்படி நிற்க வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். தரை தட்டியதும் அவள் பதறிப்போய், பலூனுக்குச் சூடேற்றும் பர்னரைத் திருகினாளாம். கூடை துள்ளியதில் இவர் வெளியே குப்புற விழுந்து மயங்கிவிட்டாராம். அதற்கப்புறம் நடந்த எதையும் கண்ணால் பார்க்கவில்லையாம்.

பலூன் கிளம்பும் இந்தப் புல்வெளியை விற்றுவிடலாம் என்று மைத்துனர் மூன்று வருஷமாக நச்சரித்ததும், முதலாளி மசியாததும் ஊரறிந்த விஷயம். ஆனால் முதலாளியம்மாவுக்குத் தன் தம்பி மேல் ஒரு துளி சந்தேகம் கிடையாது. கணவனைக் கொன்றது அந்தப் பலூன்காரிதான் என்று நம்பி, அக்காவின் முகத்தில் விழிப்பதையே நிறுத்திவிட்டாள்.

குச்சி வேலை பார்ப்பது ஒரு துப்பறியும் நிபுணரிடம். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். கழுத்தில் விசில் இன்னும் தொங்கும். பொய் சொல்கிறவனின் வாயைப் பார்க்காதே, முழங்காலைப் பார் என்பார். விசாரணை அதிகாரியிடம் மன்றாடி ஒரே ஒரு சோதனைப் பயணத்துக்கு அனுமதி வாங்கியது அவர்தான். அதிகாரியும் கூட வருகிறார். மைத்துனரும் வருகிறார், வரமாட்டேன் என்றால் நன்றாக இருக்காதே என்பதற்காக. முதலாளியம்மா ஜீப்பில் பின்தொடர்வதாக ஏற்பாடு.

அக்கா ஒரு சின்னக் கறுப்பு பலூனை ஊதிக் கையிலிருந்து விட்டாள். அது போகும் வழியைப் பார்த்துத்தான் மேலே எந்தக் காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கணிப்பார்கள். அது நேராக ஏறி, ஒரு மட்டத்துக்குமேல் சட்டென்று கிழக்கே திரும்பியது. அக்கா வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று பலமாக இருந்தால் எத்தனை பெரிய மனிதர் வந்து நின்றாலும் முடியாது என்று சொல்லிவிடுகிறவள் அவள். இன்று அப்படிச் சொல்லிவிட மாட்டாளா என்று குச்சி ஏங்கினான். அவள் தலையை ஆட்டி, போகலாம் என்றாள்.

மாஸ்டர் அவனைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய் ஒரு போட்டோவை நீட்டினார். கிளம்புகிறவர்களைப் படம் எடுத்து விற்கும் போட்டோக்காரரிடமிருந்து வாங்கியது. சம்பவத்தன்று கிளம்புமுன் எடுத்த படம்.

"என்ன தெரியுது?"

"முதலாளி சிரிக்கிறார். எங்க அக்கா சிரிக்கிறா. மைத்துனர் தொப்பி போட்டிருக்கார்."

"அதேதான்."

"தொப்பி போடறது குத்தம்னா என் குல்லாவுக்கு ஆயுள் தண்டனைதான் மாஸ்டர்."

"நீ ஏன் இத்தனையும் மாட்டிக்கிட்டு வந்தே?"

"மேலே குளிரும்ல?"

குளிராது என்றார் மாஸ்டர். பலூன் காற்றோடு காற்றாகப் போவதால் கூடையில் இருப்பவருக்குக் காற்றே தெரியாது. தலைக்கு மேல் அடுப்பு மாதிரி பர்னர் எரியும். முதல் தடவை வருகிறவன் ஸ்வெட்டரோடு வருவான். ஏற்கனவே போய் உச்சந்தலை வெந்தவன்தான் தொப்பியோடு வருவான். சட்டையும் பருத்திச் சட்டை. நெருப்புப் பொறி பட்டால் நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்று அறிந்தவன் தேர்ந்தெடுத்துப் போடுகிற சட்டை.

"அப்போ அவர் பழைய ஆளு. அக்கா தப்பிச்சா."

"எங்கே தப்பிச்சா? கேட்டேன். வழுக்கை, அதனால எப்பவும் தொப்பிதான்னுட்டார். சட்டை வீட்டுல இருந்துதாம்."

குச்சி திரும்பிப் பார்த்தான். மைத்துனர் அதே தொப்பியோடு கூடைக்குப் பக்கத்தில் அமைதியாக நின்றிருந்தார். மாஸ்டர் இன்னும் ஏதோ திட்டம் வைத்திருக்கிறார் என்பது அவர் விசிலைச் சுழற்றிய விதத்தில் தெரிந்தது. என்னவென்று கேட்டதற்கு, "உன் மூஞ்சி கண்ணாடி. சொல்லமாட்டேன்" என்றுவிட்டார்.

ஐந்து பேரும் ஏறினார்கள். குச்சியை மற்றவர்கள் தூக்கிவிட்டார்கள் என்று சொல்வதே சரி. அதன்பின் அக்கா, பயணிகளுக்கு வழக்கமாகச் சொல்லும் பாடத்தைச் சொன்னாள். குச்சிக்கு அந்தப் பாடம் மனப்பாடம். நாலு வருஷமாகக் காலையில் தலை வாரிக்கொண்டே கண்ணாடி முன்னால் அவள் ஒப்பித்ததைக் கேட்டவன். இறங்கும்போது போகிற திசைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும், முழங்காலை லேசாக மடக்க வேண்டும், உள்ளே இருக்கும் கயிற்றுப் பிடிகளை இரண்டு கையாலும் பற்ற வேண்டும், நான் சொல்லும்வரை யாரும் இறங்கக் கூடாது.

இன்று அவள் சொன்னது வேறு.

"இறங்கும்போது எல்லாரும் போற பக்கம் பார்த்து நிமிர்ந்து நில்லுங்க. நல்லா வேடிக்கை பார்க்கலாம்."

அவ்வளவுதான். தான் சொல்லும்வரை கூடையை விட்டு இறங்கக் கூடாது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

குச்சி கூடையின் விளிம்பை இறுகப் பிடித்தான். அப்படி நின்றால் தரை மோதும் வேகத்தில் கால் எலும்பு நொறுங்கும் என்று அவளே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். அதிகாரியைப் பார்த்தான். அவர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். மாஸ்டரைப் பார்த்தான். அவர் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு ராத்திரியாக அக்கா தூங்கவில்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிடுகிறாள். மூளை குழம்பிவிட்டதோ? அதைவிட மோசமான ஒரு நினைப்பு பின்னாலேயே வந்தது. அன்றைக்கும் இப்படித்தான் மறந்திருப்பாளோ? மைத்துனர் சொல்வதுதான் நிஜமோ? கூடப் பிறந்தவளைப் பற்றி இப்படி நினைத்ததற்கு அவனுக்கே அவமானமாக இருந்தது. ஆனாலும் நினைப்பு போகவில்லை.

பர்னர் கர்ஜித்தது. குச்சி கண்ணை மூடிக்கொண்டான். ஒரு குலுக்கல் இல்லை, ஓர் ஆட்டம் இல்லை. இன்னும் கிளம்பவில்லை போலும் என்று ஒரு கண்ணைத் திறந்தால், ஜீப் தீப்பெட்டி அளவுக்கு இருந்தது. உடனே அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டான்.

மாஸ்டர் சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை. குளிரவே இல்லை. குரங்குக் குல்லாவுக்குள் தலை அவிந்தது. நெடிய உடம்பு என்பதால் பர்னரின் முழு உபசாரமும் அவனுக்கே கிடைத்தது. மப்ளரைக் கழற்றலாம் என்றால் கூடையின் விளிம்பிலிருந்து கை வரமாட்டேன் என்றது. அதிகாரி கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல் சந்தோஷமாக அங்கே பாருங்கள், இங்கே பாருங்கள் என்று காட்டிக்கொண்டிருந்தார். பர்னர் ஓய்ந்த நேரங்களில் அப்படியொரு நிசப்தம். எங்கோ கீழே சாலையில் போன சைக்கிளின் மணிச்சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. வேறு சமயமாக இருந்தால், வேறு ஆளாக இருந்தால், அழகாகத்தான் இருந்திருக்கும்.

மைத்துனர் அவன் காதோரம் குனிந்தார்.

"தம்பி, உங்க அக்கா கையைப் பாருங்க."

பார்த்தான். பர்னரின் பிடியில் இருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது.

வெயில் ஏற ஏறக் கீழ்க்காற்று மாறியது. இறங்குவதாகக் குறித்து வைத்திருந்த மைதானம் இடது பக்கமாக நழுவி ஓடியே போய்விட்டது. அடுத்து வந்த வெட்டவெளிக்கு அக்கா பலூனைத் தாழ்த்தினாள். பாதி தாழ்ந்த பிறகுதான் குறுக்கே மின்கம்பி ஓடுவது தெரிந்தது. பலூன்காரர்களுக்கு இடியும் மழையும்கூட இரண்டாம் பட்சம், முதல் எமன் மின்கம்பிதான். அக்கா இரண்டு பர்னர்களையும் சேர்த்துத் திருகினாள். பலூன் உடனே கேட்கிற ஜந்து அல்ல. சூடு ஏறி, அது யோசித்து, மனசு வந்துதான் எழும்பும். அந்த நாலைந்து வினாடிகள் கம்பி அவர்களை நோக்கி வந்துகொண்டே இருந்தது. அதிகாரி வேடிக்கை காட்டுவதை விட்டுவிட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கூடையின் அடிப்பாகம் கம்பிக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் கடந்தது.

கம்பியைத் தாண்டியதும் அறுவடை முடிந்த ஒரு வயல். சின்ன வயல்தான், இதை விட்டால் அப்பால் வீடுகள். அக்கா சிவப்புக் கயிற்றை இழுத்தாள். பலூனின் உச்சி திறந்து சூடு வெளியேறியது. தரை வேக வேகமாக மேலே வந்தது.

இப்போது எப்படி நிற்பது? திரும்பி நின்று முழங்காலை மடக்கிவிடலாம். அவனுக்குத்தான் சரியான முறை தெரியுமே. ஆனால் பக்கத்தில் அதிகாரி நிற்கிறார். சொந்தத் தம்பியே அவள் பேச்சை நம்பாமல் திரும்பி நின்றான் என்றால் அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? கால் போனால் போகட்டும். குச்சி போகிற பக்கம் பார்த்து, ஆறடி மூன்று அங்குலத்தையும் நிமிர்த்தி, கண்ணீர் வழிய நின்றான்.

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"டேய், திரும்புடா. முதுகைக் காட்டு, முழங்காலை மடக்கு. எல்லாரும் திரும்புங்க, கயித்தைப் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் இறங்கக் கூடாது."

கூடை தரையில் மோதியது. எழும்பி மறுபடி மோதியது. மூன்றாவது தடவை அறுத்த பயிரின் அடித்தாள்களை உழுதுகொண்டு இருபதடி போய், சாய்ந்து, நிமிர்ந்து நின்றது. எல்லோருடைய கால்களும் முழுசாக இருந்தன.

"கெடுத்துட்டியேம்மா" என்றார் மாஸ்டர்.

பாடத்தை வேண்டுமென்றே தப்பாகச் சொல்லச் சொன்னதே அவர்தான். சாட்சி பாரபட்சமில்லாமல் பார்க்கட்டும் என்று அதிகாரிக்குக்கூடச் சொல்லவில்லை. தரை நெருங்கும்போது பயத்தில் மூளை மறந்தாலும் உடம்பு பழகினதைச் செய்யும். மைத்துனரின் உடம்பு தானாகத் திரும்பி முழங்காலை மடக்கியிருந்தால், ஒன்று அக்கா அன்றைக்கே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், இல்லை இவர் வேறெங்கோ பழகியிருக்க வேண்டும். எதுவானாலும் வாக்குமூலம் பொய். ஒரு மாடி உயரம் வரும்வரை பொறுத்து, அப்புறம் சரியானதைக் கத்தச் சொல்லியிருந்தார். தம்பி விறைத்து நின்றதைப் பார்த்தவள் பொறுக்க முடியாமல் மூன்று மாடி உயரத்திலேயே கத்திவிட்டாள்.

மாஸ்டர் இதையெல்லாம் விளக்கி முடித்ததும் மைத்துனர் மெல்லச் சிரித்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு அதிகாரியின் பக்கம் திரும்பினார். சோதனை என்று இப்போது சொல்கிறார்கள், தான் பார்த்ததென்னவோ தப்பாகச் சொல்லிவிட்டுக் கடைசி நிமிஷத்தில் பதறிக் கத்திய ஒரு பெண்ணைத்தான் என்றார். அன்றைக்கும் இதுவேதான் நடந்தது, அன்றைக்குக் கத்தவும் இல்லை என்றார். அதிகாரி கம்பியின் கிலி இன்னும் தெளியாத முகத்தோடு அதை நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதி, அடிக்கோடும் போட்டார்.

குச்சிக்கு இப்போது வந்த பயத்துக்கு முன்னால் இரண்டாயிரம் அடி உயரத்துப் பயம் ஒன்றுமே இல்லை. அக்காவைக் காப்பாற்ற வந்து அவள் கழுத்தில் தாங்களே சுருக்கை மாட்டிவிட்டார்கள். அதுவும் யாரால்? அவன் கால் உடையக் கூடாது என்று அவள் கத்தியதால். மணி ஏழு. இன்னும் மூன்று மணி நேரம்.

அப்போது ஒரு காற்று வந்தது. பாதி வற்றிய பலூன் படபடத்துப் புரண்டது. கூடை ஒரு சாண் எழும்பி, தரையில் தட்டி, மறுபடி எழும்பியது. அக்கா சிவப்புக் கயிற்றில் முழு எடையையும் போட்டுத் தொங்கினாள்.

வரப்போரம் ஜீப் வந்து நின்றது. டிரைவர் இறங்குவதற்கு முன்பே முதலாளியம்மா குதித்து ஓடிவந்தாள். கூடை எழும்புவதைப் பார்த்தவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. உள்ளே தம்பி இருக்கிறான். கூடையின் வெளிப்பக்கம் தொங்கிய கயிற்றைப் பாய்ந்து பிடித்தாள். அது கையிலிருந்து வழுக்கி இழுக்கவே, இழுக்கிற எந்தக் கயிற்றையும் நாம் செய்வது போலவே, மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றினாள். இன்னொரு சுற்றும் சுற்றினாள்.

மைத்துனரின் முகம் வெளிறியது. விளிம்புக்குத் தாவி, பாதி உடம்பு வெளியே தொங்கக் குனிந்தார்.

"அக்கா, சுத்தாதே. கயித்தைக் கையில சுத்தாதே. சும்மா பிடிச்சா விட்டுடலாம், சுத்தினா கழட்ட முடியாது. மாமா அப்படித்தான் கழட்ட முடியாம..."

அதோடு உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கூடை மறுபடி தரையில் தட்டி அடங்கியது. ஓடிவந்த டிரைவர் விளிம்பில் தன் எடையைப் போட்டு அழுத்திக்கொண்டார். பலூன் துணி பெருமூச்சு விட்டபடி வயலில் சாய்ந்தது. யாரும் இறங்கவில்லை.

"முதலாளி கையில சுத்தியிருந்தாரா?" என்று கேட்டாள் குச்சியின் அக்கா. கூடையின் சுவர் மார்பளவு. வெளியே தாழத் தொங்கும் கயிற்றை உள்ளே பர்னரருகே நிற்கிறவளால் பார்க்க முடியாது. இந்தப் பன்னிரண்டு நாளாக, அவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் போனார் என்றே அவள் நினைத்திருந்தாள்.

மாஸ்டர் விசிலை விரலில் சுற்றுவதை நிறுத்தினார்.

"வலது மணிக்கட்டுல கயிறு இறுகி, கடைசியில உருவிக்கிட்ட தடம் இருந்துச்சு. அது டாக்டருக்குத் தெரியும், ரிப்போர்ட்டைப் படிச்ச அதிகாரிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேற யாருக்கும் சொல்லல. குப்புற விழுந்து மயங்கிக் கிடந்தவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

குச்சி அக்காவின் கையைப் பிடித்தான். அது ஜில்லென்று இருந்தது. சிரிப்பும் அழுகையும் அவனுக்கு ஒன்றாக வந்தன, இரண்டையும் விழுங்கிக்கொண்டான். ஏனென்றால் கூடைக்கு வெளியே, கயிறு சுற்றிய கையை எடுக்காமல், முதலாளியம்மா தன் தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். இத்தனை நாள் யார் எது சொல்லியும் நம்பாதவள். அவள் குரல் உயரவில்லை.

"அவர் கையில சுத்தும்போது நீ பக்கத்துலதானே நின்னிருக்கே. இப்ப எங்கிட்ட சொன்னதை அவர்கிட்ட ஏன்டா சொல்லல?"

மைத்துனர் வயலைப் பார்த்தார். அதிகாரி நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினார்.